இருபரிமாண ஹைட்ரஜன்: கணக்கில் நான்கு மடங்கு, அளவீட்டில் இரண்டு மடங்கு

பதிவு 1 · மெல்லேடு

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வின் முதலாண்டுப் பயிற்சியாக, ஹைட்ரஜன் அணுவின் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை இரு பரிமாணத்தில் தீர்த்துப் பார்த்தேன். முப்பரிமாணத்தில் 13.6 எலக்ட்ரான் வோல்ட்டாக இருக்கும் அடிநிலைப் பிணைப்பாற்றல், எலக்ட்ரானைத் தளத்துக்குள் அடைத்ததும் சரியாக நான்கு மடங்காகி 54.4 ஆகிறது. இரண்டு வழிகளில் செய்து சரிபார்த்துவிட்டதால் கணக்கில் ஐயமில்லை.

இதையே குறைக்கடத்தியில் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற, நேர்மின்னூட்டம்போல் நடக்கும் காலியிடம்) ஒன்றையொன்று சுற்றி உருவாக்கும் எக்ஸைட்டானுக்குப் பொருத்தும்போதுதான் சிக்கல் எழுகிறது. காலியம் ஆர்செனைடின் பெரும்படிகத்தில் எக்ஸைட்டானின் பிணைப்பாற்றல் ஏறத்தாழ 4.2 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அப்படியானால் 10 நானோமீட்டர் தடிமனுள்ள குவாண்டம் கிணற்றில் (வேறொரு பொருளின் தடுப்புகளுக்கு இடையே எலக்ட்ரானை அடைக்கும் மெல்லிய அடுக்கில்) அது 17-ஐ நெருங்க வேண்டும். அளவீடுகளோ 8, 9, மிஞ்சினால் 10 என்றே வருகின்றன. கிணற்றின் குறுக்கே எலக்ட்ரான் தன் மிகத் தாழ்ந்த நிலையில் உறைந்துவிட்டது, தளத்துக்குள் மட்டுமே இயங்குகிறது என்று எல்லாப் பாடநூல்களும் சொல்லும்போது, மீதி இரண்டு மடங்கு எங்கே போயிற்று?

பதிவு 2 · பழைய கணக்கன்

உங்கள் கணக்கு சரியானது. அதைக் கொண்டுபோய்ப் பொருத்திய இடத்தில்தான் கோளாறு.

நான்கு மடங்கு எப்படி வருகிறது என்பதை முதலில் பாருங்கள். முப்பரிமாண ஆரச் சமன்பாட்டில் கோண உந்த எண் எல் என்றால், விலக்கும் பகுதியின் முன்னால், எல்-ஐ எல் கூட்டல் ஒன்றால் பெருக்கிய எண் நிற்கிறது. இருபரிமாணத்தில் கோண உந்த எண் எம் என்றால், அதே இடத்தில் எம்-இன் வர்க்கத்திலிருந்து கால் கழித்த எண் நிற்கிறது. எம் சுழியாக இருக்கும்போது அது கழித்தல் கால் ஆகிவிடுவதால், விலக்க வேண்டிய பகுதி சற்றே ஈர்க்கத் தொடங்குகிறது. முப்பரிமாணச் சூத்திரத்தில் எல்-க்குப் பதிலாகக் கழித்தல் அரையைப் போட்டால் இதே எண் கிடைக்கும். எனவே ஆற்றல் சூத்திரத்தின் கீழே இருக்கும் 1, அரையாகிறது. அதன் வர்க்கம் காலாகிறது. பிணைப்பு நான்கு மடங்காகிறது. பரிமாணம் ஒன்று குறைந்தால் எல் அரை குறைகிறது; இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் எந்தப் பரிமாணத்துக்கும் மனக்கணக்கிலேயே விடை சொல்லலாம்.

இந்த மாற்றத்துக்கு எலக்ட்ரான் கொடுக்கும் விலை தொலைவு. முப்பரிமாண அடிநிலையில் சராசரித் தொலைவு போர் ஆரத்தைப் போல் ஒன்றரை மடங்கு; இருபரிமாணத்தில் அது அரை மடங்கு, அதாவது மூன்றில் ஒரு பங்கு. இப்போது உங்கள் கிணற்றுக்கு வாருங்கள். காலியம் ஆர்செனைடு எக்ஸைட்டானின் ஆரம் சுமார் 12 நானோமீட்டர் என்பதால், பெரும்படிகத்தில் சராசரித் தொலைவு 18. உங்கள் சூத்திரம் அதை 6-க்குச் சுருங்கச் சொல்கிறது. ஆனால் கிணற்றின் தடிமனே 10. குறுக்குவாட்டில் எலக்ட்ரானும் துளையும் அந்த 10 நானோமீட்டர் முழுவதும் பரவிக் கிடக்கையில், தளத்துக்குள் அவை எவ்வளவு நெருங்கினாலும் உண்மையான தொலைவு அந்த அளவுக்குக் குறைய முடியாது. இயக்கம் தளத்துக்குள் என்பது மெய்தான். ஈர்ப்பு விசை மட்டும் இன்னும் முப்பரிமாணத்திலேயே வாழ்கிறது.

கிணற்றை மேலும் மெலிதாக்கினால் சரியாகிவிடுமே என்று அடுத்துக் கேட்பீர்கள். ஓரளவுக்குத்தான் ஆகும். மிக மெலிந்த கிணற்றில் அலைச்சார்பு பக்கத்திலுள்ள அலுமினியம் காலியம் ஆர்செனைடு தடுப்புக்குள் கசிந்துவிடும். பிணைப்பாற்றல் ஒரு தடிமன் வரை ஏறி, உச்சத்தைத் தொட்டு, பிறகு தடுப்புப் பொருளின் மதிப்பை நோக்கி இறங்கும். நான்கு மடங்கை அது ஒருபோதும் எட்டுவதில்லை.

பதிவு 3 · ஐயம்

அப்படியானால் பரிமாணத்தை முழு எண்ணாக வைத்துக்கொள்வானேன்? உங்கள் மனக்கணக்கைப் பின்னோக்கிச் செய்து, பிணைப்பு இரண்டு மடங்காக வேண்டுமென்றால் பரிமாணம் எவ்வளவு என்று கேட்டேன், 2.41 என்று வந்தது. இந்தக் கிணறு 2.41 பரிமாணம் கொண்டது என்று சொல்லி வேலையை முடித்துவிடலாமா?

பதிவு 4 · பழைய கணக்கன்

அப்படிச் சொல்லும் மரபு 1990-களின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது, பயன்படவும் செய்கிறது. ஒரே எண்ணைக் கொண்டு உறிஞ்சல் நிறமாலையை விரைவாக வரைந்துவிடலாம். ஆனால் அது அளவீட்டுக்குச் சூட்டிய பெயர். காரணம் அதில் இல்லை. அடிநிலைக்குப் பொருந்தும் பரிமாணம் எல்லா மேல்நிலைகளுக்கும் பொருந்தும் என்று எந்த உறுதியும் கிடையாது, ஏனெனில் மேல்நிலைகள் பரந்தவை. அவற்றுக்கு அதே கிணறு இன்னும் மெலிந்த ஏடாகவே தோன்றும்.

பதிவு 5 · குளிர்கலம்

நான் சோதனைப் பக்கத்து ஆள். கோட்பாட்டுக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மேலே சொன்ன மேல்நிலைகளைப் பற்றிய எச்சரிக்கை, அணுவளவு மெலிந்த ஏடுகள் வந்த பிறகு பெரிய கதையாகிவிட்டது. டங்ஸ்டன் டைசல்ஃபைடின் ஒற்றை அடுக்குக்கு ஒரு நானோமீட்டர் தடிமன்கூட இல்லை. இங்கே கண்டிப்பாக உங்கள் இருபரிமாண ஹைட்ரஜன் கிடைக்க வேண்டும். 2014-இல் அதன் எக்ஸைட்டான் வரிசையை அளந்தபோது பிணைப்பாற்றல் 0.32 எலக்ட்ரான் வோல்ட் என்று வந்தது. காலியம் ஆர்செனைடு கிணற்றோடு ஒப்பிட்டால் முப்பது மடங்குக்கு மேல்; பெருமைப்பட வேண்டிய எண்தான். வரிசையின் வடிவத்தைப் பார்த்தபோதோ, அது ஹைட்ரஜனாகவே இல்லை. இருபரிமாணச் சூத்திரப்படி இரண்டாம் நிலையின் பிணைப்பு முதல் நிலையின் ஒன்பதில் ஒரு பங்காக விழ வேண்டும். அளந்தபோது அவ்வளவு விழவில்லை. மூன்றாம் நிலைக்கு மேல்தான் ஹைட்ரஜனின் சாயல் தெரிந்தது.

காரணம் மின்புலக் கோடுகளில் இருக்கிறது. ஏடு அணுவளவு மெலிந்திருப்பதால், எலக்ட்ரானிலிருந்து துளைக்குப் போகும் கோடுகளில் பெரும்பகுதி ஏட்டை விட்டு வெளியேறி, திரையிடல் (பொருள் மின்விசையை மட்டுப்படுத்துவது) குறைந்த வெளிவழியே வளைந்து வருகிறது. தொலைவு அதிகமானால் திரையிடல் இல்லாத கூலும் விசை. நெருங்கினால் ஏடு திரையிடுவதால் ஈர்ப்பு மடக்கைபோல் மெதுவாகவே கூடுகிறது. ரீட்டோவா 1967-இலும் கெல்டிஷ் 1979-இலும் மெல்லேடுகளுக்கு எழுதி வைத்த விசைவடிவம் இதுதான். அதற்குரிய பொருள் கைக்கு வரப் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அணு இயற்பியல் படித்தவர்களுக்குச் சுவையான ஒன்று. சோடியத்தில் 3எஸ் நிலை 3பி-க்குக் கீழே இருக்கிறது. 589 நானோமீட்டர் மஞ்சள் ஒளி அந்த இடைவெளியிலிருந்துதான் வருகிறது. எஸ் எலக்ட்ரான் உள் எலக்ட்ரான் கூட்டத்தைத் துளைத்துக்கொண்டு கருவின் அருகே போகிறது, அங்கே ஈர்ப்பு வலுத்திருப்பதால் ஆற்றல் தாழ்கிறது. ஒற்றை அடுக்கில் இது தலைகீழாகிறது: மையத்துக்கு அருகே ஈர்ப்பு மெலிந்திருப்பதால், மையத்தை எட்டிப் பார்க்கும் எஸ் நிலைதான் நட்டப்படுகிறது, 2பி கீழேயும் 2எஸ் மேலேயும் அமைகின்றன. மட்டங்களின் வரிசையைப் பார்த்தே விசை மையத்தில் வலுக்கிறதா மெலிகிறதா என்று சொல்லிவிடலாம்.

பதிவு 6 · கம்பிவழி

பழைய கணக்கன் ஐயாவின் மனக்கணக்கை ஒரு பரிமாணத்துக்கும் போட்டுப் பாருங்கள். எல்-க்குப் பதிலாகக் கழித்தல் ஒன்று வரும். கீழே இருப்பது சுழியாகும். பிணைப்பாற்றல் முடிவிலிக்கு ஓடும். லௌடன் 1959-இல் இதைத்தான் விரிவாக ஆராய்ந்தார். இயற்கையில் முடிவிலி கிடையாது. எங்கோ ஒரு குறுகிய நீளம் குறுக்கே வந்து அதை வெட்டிவிடுகிறது. கம்பி என்றால் அதன் தடிமன் வெட்டும். கரி நானோகுழாய்களில் 2005-இல் இரு ஃபோட்டான் முறையில் அளந்தபோது எக்ஸைட்டானின் பிணைப்பு 0.4 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு வந்தது என்றால், வெட்டு நீளம் அங்கே குழாயின் விட்டத்தளவே என்பதுதான் பொருள்.

வியப்பு என்னவென்றால், லௌடன் காலத்தில் இந்தக் கணக்கு கம்பிகளுக்காக எழவில்லை. வலிய காந்தப்புலத்தில் உள்ள ஹைட்ரஜனுக்காக எழுந்தது. புலம் எலக்ட்ரானைக் குறுக்குவாட்டில் சிறு வட்டமாக இறுக்கிப் பிடித்தால், அது புலத்தின் திசையில் மட்டுமே கருவை அணுக முடியும். அணுவே ஊசிபோல் நீண்டு, ஒருபரிமாணமாகிவிடும். மெய்யான ஹைட்ரஜனுக்கு இது நேர 2,35,000 டெஸ்லா அளவில் புலம் வேண்டும். நியூட்ரான் விண்மீன்களின் பரப்பில்தான் அதைத் தாண்டிய புலங்கள் இருக்கின்றன. காலியம் ஆர்செனைடில் ஒரு கொடையாளி மாசை (எலக்ட்ரானைத் தரும் அயல் அணுவை) சுற்றும் எலக்ட்ரானோ, 0.067 மடங்கு நிறையோடு, 12-க்கு மேற்பட்ட ஒப்புமை விடுதிறனுக்குள் இயங்குகிறது. அந்த இரண்டு எண்களின் விகிதத்தை வர்க்கப்படுத்திப் பெருக்கினால், தேவைப்படும் புலம் 6-க்கும் 7-க்கும் இடைப்பட்ட டெஸ்லாவாகக் குறைந்துவிடுகிறது. சாதாரண மீக்கடத்திச் சுருள் போதும். யாஃபெட், கீஸ், ஆடம்ஸ் மூவரும் 1956-இலேயே இண்டியம் ஆன்டிமனைடை மனத்தில் வைத்து இதைக் கணக்கிட்டார்கள்.

பதிவு 7 · மெல்லேடு

அனைவருக்கும் நன்றி. ஈர்ப்பு முப்பரிமாணத்தில் வாழ்கிறது என்ற வரியை வைத்துக்கொண்டு, குறுக்குவாட்டு அலைச்சார்பின் மேல் கூலும் விசையைச் சராசரி எடுத்து, மாறுபாட்டு முறையில் மீண்டும் கணக்கிட்டேன். 10 நானோமீட்டருக்கு இப்போது இரண்டு மடங்குக்குச் சற்று மேலே வருகிறது. அது தீர்ந்தது.

அடுத்த கேள்வி. எலக்ட்ரான்களை எல்லாத் திசையிலும் அடைக்கும் சிறு பகுதிகளான குவாண்டம் புள்ளிகளைச் செயற்கை அணுக்கள் என்று அழைக்கிறார்கள். ஓர் எலக்ட்ரான் மட்டும் இருக்கும்வரை பெயர் பொருந்துகிறது. இரண்டு வந்துவிட்டால் அதை ஹீலியம் என்று சொல்லலாமா?

பதிவு 8 · பழைய கணக்கன்

சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு குறைவு. எண்களை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

ஹீலியத்தில் இரண்டு எலக்ட்ரான்களின் விலக்கத்தை மறந்துவிட்டால் மொத்த ஆற்றல் கழித்தல் 108.8 எலக்ட்ரான் வோல்ட். விலக்கத்தை முதல் படி உலைவாகச் சேர்த்தால் 34 கூடி, கழித்தல் 74.8 ஆகிறது. ஒவ்வோர் எலக்ட்ரானும் மற்றதற்குக் கருவைச் சற்று மறைக்கிறது என்று கொண்டு, கருவின் மின்னூட்டம் 2-க்குப் பதிலாக 16-இல் 27 பங்கு, அதாவது 1.69 என்று போட்டால் கழித்தல் 77.5. அளவீடு கழித்தல் 79.0. மிஞ்சிய ஒன்றரையைப் பிடிக்க, இரண்டு எலக்ட்ரான்களுக்கு இடைப்பட்ட தொலைவையே அலைச்சார்புக்குள் நேரடியாக எழுத வேண்டியிருந்தது. அதை 1929-இல் ஹில்லராஸ் செய்தார். மாணவர்களுக்கு இந்த நான்கு எண்களையும் கையால் போட்டுக் காட்டுவது எனக்கு இன்றும் பிடித்த வேலை. அதிலிருந்து கிடைக்கும் செய்தி: ஹீலியத்தில் கரு எசமானன், விலக்கம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத திருத்தம்.

இப்போது காலியம் ஆர்செனைடில் எலக்ட்ரானைப் பரவளையக் கிண்ணம்போல் அடைக்கும் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். மட்டங்களின் இடைவெளி 3 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்றால், அலைச்சார்பின் அகலம் 20 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தத் தொலைவில் இரண்டு எலக்ட்ரான்களின் விலக்க ஆற்றல் ஏறத்தாழ 6 மில்லி எலக்ட்ரான் வோல்ட். மட்டங்களின் இடைவெளியைப் போல் இருமடங்கு. திருத்தம் என்று நாம் ஒதுக்கியது இங்கே எசமானனைவிடப் பெரிதாக நிற்கிறது. அதோடு முடியவில்லை. புள்ளியைப் பெரிதாக்கினால் இயக்க ஆற்றல் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது, விலக்கமோ நீளத்துக்கு மட்டுமே எதிர்விகிதமாகக் குறைகிறது. ஆகவே பெரிய புள்ளியில் விலக்கம்தான் ஆள்கிறது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விட்டு விலகி, விக்னர் 1934-இல் சொன்ன எலக்ட்ரான் படிகத்தின் சிறு துண்டுபோல் உறைகின்றன. அணுக்களில் கருவின் மின்னூட்டத்தைக் கூட்டக்கூட விலக்கம் அற்பமாகும். விலக்கத்தின் பங்கை மெலிதாக்கும் திசையில்தான் தனிம அட்டவணை நடக்கிறது. புள்ளி எதிர்த் திசையிலும் நடக்கக்கூடியது.

ஒப்புமை பொருந்தும் இடமும் உண்டு. தருச்சா குழுவினர் 1996-இல் வட்டப் புள்ளிகளில் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தபோது, 2, 6, 12 என்ற எண்ணிக்கைகளில் ஓடு நிறைவதைக் கண்டார்கள். மந்த வாயுக்களின் 2, 10, 18-க்கு இருபரிமாணத்து இணை. பாதி நிரம்பிய ஓட்டில், 4-இல், எலக்ட்ரான்கள் முடிந்தவரை ஒரே ஸ்பின்னோடு அமரும் என்ற ஹுண்ட் விதியும் தெரிந்தது. சிறிய புள்ளி என்பதால் ஓடுகள் பிழைத்தன. காந்தப்புலத்தைக் கூட்டினால் இரண்டு எலக்ட்ரான் புள்ளியின் அடிநிலை எதிர் ஸ்பின் இணையிலிருந்து ஒரே ஸ்பின் நிலைக்கு மாறும் என்று வாக்னர், மெர்க்ட், சாப்லிக் 1992-இல் காட்டினார்கள். புள்ளிக்கு அது சில டெஸ்லாவில் நடக்கிறது. ஹீலியத்தில் அதே மாற்றத்துக்கு லட்சம் டெஸ்லா அளவில் வேண்டும்.

பதிவு 9 · குளிர்கலம்

இங்கே ஒரு சொந்தக் கதை. மாணவனாக இருந்தபோது புள்ளிகளின் அணியில் தொலை அகச்சிவப்பு உறிஞ்சலை அளந்துகொண்டிருந்தேன். கேட் (gate) மின்முனையின் மின்னழுத்தத்தைக் கூட்டி எலக்ட்ரான்களைச் சேர்த்துக்கொண்டே போனேன். உறிஞ்சல் கோடு வலுத்தது. இடம் மட்டும் அசையவில்லை. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று இவ்வளவு வலுவாக விலக்கும்போது கோடு நகர வேண்டாமா? நிறமாலைமானியைத்தான் சந்தேகித்தேன். இரண்டு மாதம் கண்ணாடிகளைக் கழற்றி மாட்டிய பிறகு, ஆய்வகத்தின் கோட்பாட்டாளர் தேநீர் இடைவேளையில் கோனின் தேற்றத்தைச் சொன்னார்.

கோன் 1961-இல் சீரான எலக்ட்ரான் கூட்டத்துக்குச் சொன்னது, பின்னர் பரவளையக் கிண்ணத்துக்கும் விரிந்தது; அது இதுதான்: அலைநீளம் புள்ளியைவிடப் பன்மடங்கு பெரிதாக இருப்பதால், ஒளி எல்லா எலக்ட்ரான்களையும் ஒரே சீராகத் தள்ளுகிறது. பரவளையக் கிண்ணத்தில் நிறைமையத்தின் இயக்கம் தனியாகப் பிரிந்துவிடும். எலக்ட்ரான்களுக்கிடையேயான விலக்கம் நிறைமையத்தைத் தொடவே தொடாது. ஒன்று இருந்தாலும் இருபது இருந்தாலும் கோடு ஒரே இடத்தில்தான். நான் அளந்துகொண்டிருந்தது கிண்ணத்தின் வளைவை மட்டுமே. உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டுமானால் கிண்ணம் பரவளையத்திலிருந்து பிறழ்ந்திருக்க வேண்டும், அல்லது எலக்ட்ரானை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு அதற்கான ஆற்றலை அளக்க வேண்டும். அணுவில் இந்தத் தொல்லை இல்லை; கருவின் ஈர்ப்பு பரவளையம் அல்ல என்பதால்தான் நிறமாலைகள் இவ்வளவு பேசுகின்றன.

பதிவு 10 · ஐயம்

வலிய காந்தப்புலத்தில் எல்லா எலக்ட்ரான்களும் மிகத் தாழ்ந்த லாண்டாவ் மட்டத்தில் (காந்தப்புலத்தில் எலக்ட்ரானின் வட்ட இயக்கத்துக்குரிய ஆற்றல் மட்டத்தில்) அடைந்துவிட்டால், இயக்க ஆற்றலில் வேறுபாடே இல்லை. விலக்கம் இயக்க ஆற்றலைப் போல் எத்தனை மடங்கு என்று நீங்கள் பேசிய விகிதம் முடிவிலியாகிவிடுகிறது. அங்கே அணுக்கணக்கு முழுவதும் கைவிட வேண்டியதுதானே? அங்கே தோன்றும் பின்னக் குவாண்டம் ஹால் விளைவு (குறுக்கு மின்தடை பின்ன எண்களில் படியாக நிற்பது) அணு இயற்பியலுக்கு எந்த வகையிலும் உறவில்லை என்றே நினைக்கிறேன்.

பதிவு 11 · பழைய கணக்கன்

முதல் பாதி சரி. 1980-இல் ஃபான் கிளிட்ஸிங் கண்ட முழுவெண் விளைவை, 25,812.807 ஓம் என்ற அந்த எண்ணோடு, விலக்கத்தை மறந்துவிட்டே விளக்கலாம். 1982-இல் சூயி, ஷ்டோர்மர், கோசார்ட் மூவரும் லாண்டாவ் மட்டம் மூன்றில் ஒரு பங்கு நிரம்பும்போது கண்ட படியை விலக்கமின்றித் தொடவே முடியாது. எதைச் சிறியதாக வைத்து உலைவுக் கோட்பாடு தொடங்குவது என்றே தெரியாத நிலை.

உறவில்லை என்பதை மட்டும் ஏற்க முடியாது. லாஃப்லின் 1983-இல் தம் புகழ்பெற்ற அலைச்சார்பை எழுதுவதற்கு முன், மூன்றே எலக்ட்ரான்களை வலிய புலத்தில் வைத்துத் தீர்த்தார். அது அசல் அணுக்கணக்கு. கரு மட்டும் இல்லை. அதில் மொத்தக் கோண உந்தம் மூன்றின் மடங்காக இருக்கும்போது மட்டும் விலக்க ஆற்றல் படியிறங்குவதைக் கண்டார். காரணத்தைக் காகிதமின்றியே சொல்லலாம். மூன்று எலக்ட்ரான்கள் முக்கோணமாக நிற்பதுதான் விலக்கத்துக்கு உகந்த அமைப்பு. முக்கோணத்தை 120 பாகை சுழற்றினால் ஒவ்வோர் எலக்ட்ரானும் அடுத்ததன் இடத்துக்கு வருகிறது, அமைப்பு மாறவில்லை. இந்தச் சுற்றுமாற்றம் இரண்டு இடமாற்றங்களுக்குச் சமம் என்பதால் அலைச்சார்பின் குறியும் மாறக் கூடாது. அப்படியானால் அந்தச் சுழற்சியில் வரும் கட்டம் முழுச் சுற்றுகளாக இருந்தாக வேண்டும். கோண உந்தம் மூன்றின் மடங்காகிறது. மற்ற எண்களில் முக்கோணமாக நிற்க அலைச்சார்புக்கு அனுமதியே இல்லை. மூன்றில் ஒரு பங்கு நிரம்பலுக்குரிய கோண உந்தம் இங்கே 9. ஒவ்வோர் இணையும் நெருங்கும்போது அலைச்சார்பு தொலைவின் மூன்றாம் படியாகச் சுழியாக வேண்டும் என்று எழுதினால், மிகச்சரியான விடையோடு அது 99 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகிறது.

பதிவு 12 · மெல்லேடு

வார இறுதியில் அந்தக் கணக்கை மடிக்கணினியில் போட்டேன். மூன்று எலக்ட்ரான்களுக்கு 3, 6, 9 என்று படிகள் ஒழுங்காக வந்தன. இடைப்பட்ட எண்களில் அந்த இறக்கம் இல்லை. அந்தத் துணிவில் நான்குக்குப் போனேன். சதுரமாக நிற்கும், எனவே நான்கின் மடங்குகளில் படி இறங்கும் என்று எதிர்பார்த்தேன். வந்ததோ 6, 10, 14, 18. நிரலில் பிழை இருக்கும் என்று மூன்று முறை தேடிவிட்டேன்.

பதிவு 13 · பழைய கணக்கன்

பிழை இல்லை. நான்கு பேரைச் சுற்றுமாற்றம் செய்ய மூன்று இடமாற்றங்கள் தேவை, ஒற்றைப்படை. 90 பாகை சுழற்சியில் குறி மாறியாக வேண்டும். அதனால் நான்கின் மடங்கோடு எப்போதும் இரண்டு கூடி நிற்கும். 18-தான் உங்கள் மூன்றில் ஒன்று. ஐந்தைப் போட்டுப் பாருங்கள். ஒரு எலக்ட்ரான் நடுவில் போய் உட்காரலாமா என்ற கேள்வியும் சேர்ந்து வரும்.